மான்செஸ்டர் யுனைடெட்டின் இளம் ஸ்ட்ரைக்கர் சிடோ ஓபிக்கு இந்த சீசனில் முதல் அணியில் வழி இருக்கிறதா, இல்லை ஜனவரியில் லோன்தானா?

மதுரைரெட் (கேள்வி, செப்டம்பர் 2025)

வீரர்கள் கிளப் மாறும் டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடியாச்சு. ஸ்ட்ரைக்கர் ஹொய்லுண்ட் நாப்போலிக்கு லோனில் (தற்காலிக மாற்றத்தில்) போய்விட்டார். யுனைடெட்டில் இப்போது முழு நேர ஸ்ட்ரைக்கர் என்று எண்ணினால் ஷெஷ்கோ, ஜிர்க்ஸீ இரண்டு பேர்தான். அப்படியென்றால் மூன்றாவது ஆள் சிடோ ஓபி என்றுதானே நினைப்போம்?

போன மே 4 அன்று பிரென்ட்ஃபோர்டில் கோச் அமோரிம் அவரைத் தொடக்க அணியிலேயே இறக்கினார். வயது 17 வருடம் 156 நாள். பிரீமியர் லீகில் யுனைடெட்டுக்குத் தொடக்கத்திலிருந்து ஆடியவர்களில் இவர்தான் ஆக இளையவர். அதற்கு முன்னால் ஆர்சனலின் 18 வயதுக்குட்பட்டோர் அணியில் 18 ஆட்டத்தில் 32 கோல். லிவர்பூலின் 16 வயதுக்குட்பட்டோர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10 கோல். ஆனால் இந்த சீசன் தொடங்கியதிலிருந்து பையன் 21 வயதுக்குட்பட்டோர் அணியோடுதான் ஆடுகிறார்.

மே மாதம் தொடக்க அணியில் ஆடத் தகுதியானவர் செப்டம்பரில் பெஞ்சுக்குக்கூட வராதது ஏன்? 25 பேர் பட்டியல் விதி ஏதாவது இடிக்கிறதா? வைத்துக்கொண்டு காத்திருப்பது நல்லதா, ஜனவரி முதல் நாளே லோனில் அனுப்புவது நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

கணக்கர்

பட்டியல் விதி அவருக்கு இடைஞ்சலே இல்லை. பிரீமியர் லீகின் 25 பேர் பட்டியலில் 21 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்க வேண்டிய அவசியம் கிடையாது. பட்டியலுக்கு வெளியே இருந்தபடியே எந்த வாரமும் ஆடலாம்.

உண்மையான சிக்கல் ஆட்டங்களின் எண்ணிக்கை. போன சீசனில் யுனைடெட் மொத்தம் 60 ஆட்டம் ஆடியது. லீகில் 38, யூரோப்பா லீகில் இறுதி ஆட்டம் வரை போனதால் 15, எஃப்ஏ கப்பில் 3, லீக் கப்பில் 3, கம்யூனிட்டி ஷீல்ட் 1. இந்த சீசனில் ஐரோப்பா அறவே இல்லை. லீகில் 15ஆம் இடம், பில்பாவோவில் நடந்த யூரோப்பா இறுதியில் டாட்டன்ஹாமிடம் 1-0 தோல்வி, இரண்டு கதவும் மூடிவிட்டன. லீக் கப்பும் ஆகஸ்ட் 27 அன்று கிரிம்ஸ்பியில் பெனால்டியில் 12-11 என்று கைவிட்டுப் போனது. மிச்சம் 38 லீக் ஆட்டமும் எஃப்ஏ கப்பும்தான். எஃப்ஏ கப்பில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினால் சீசன் 40 ஆட்டத்தோடு முடிந்துவிடும். போன வருடத்தைவிட 20 குறைவு.

நீங்கள் சொல்லும் பிரென்ட்ஃபோர்ட் ஆட்டத்தின் தேதியை மறுபடி பாருங்கள். மே 1 வியாழன் யூரோப்பா அரையிறுதியின் முதல் ஆட்டம், மே 8 வியாழன் இரண்டாவது ஆட்டம். நடுவில் ஞாயிறு பிரென்ட்ஃபோர்ட். மூத்தவர்களை வியாழனுக்குப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. ஓபியோ யூரோப்பா லீகில் ஆட முடியாதவர். யூஎஃபாவின் (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) இளையோர் பட்டியலில் சேர, 15 வயதுக்குப் பிறகு அந்த கிளப்பில் தொடர்ந்து இரண்டு வருடம் இருந்திருக்க வேண்டும். இவர் ஆர்சனலிலிருந்து வந்ததே 2024 அக்டோபரில்தான். வியாழன் ஆட முடியாது, ஆகவே ஞாயிறு கால் புதிதாக இருக்கும். அந்தச் சாதனைத் தொடக்கம் அப்படி அமைந்தது. அவர் திறமைக்கு இது குறைவு அல்ல, ஆனால் அந்த இடத்தைத் திறந்துவிட்டது காலண்டர். இப்போது அந்தக் காலண்டரே இல்லை. வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் ஷெஷ்கோவுக்கு ஓய்வு எதற்கு?

அடுத்தது பெஞ்ச். ஒன்பது இருக்கை. கோல்கீப்பர் ஒருவர், தடுப்பில் மூன்று, நடுக்களத்தில் இரண்டு அல்லது மூன்று என்று வைத்தால் தாக்குதலுக்கு இரண்டு மூன்றுதான் மிஞ்சும். குன்யா (62.5 மில்லியன் பவுண்ட்), எம்புவேமோ (65 மில்லியன்), ஷெஷ்கோ மூவரும் தொடக்கத்தில் ஆடினால் ஜிர்க்ஸீயும் மவுன்ட்டும் பெஞ்சில் இருப்பார்கள். ஓபி போட்டி போடுவது அந்த மூன்றாவது இருக்கைக்கு. அதற்கும் பெரும்பாலும் ஒரு நடுக்கள ஆளையோ, ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் விங் பேக்கையோதான் எந்தக் கோச்சும் உட்கார வைப்பார். தொடக்க அணியில் யார் காயம்பட்டாலும் உடனே மாற்ற வேண்டுமே.

இதில் ஒரே ஒரு காலம் விதிவிலக்கு. டிசம்பர் 21 முதல் ஜனவரி 18 வரை மொரோக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பை. கேமரூனுக்கு எம்புவேமோ, ஐவரி கோஸ்ட்டுக்கு அமாத், மொரோக்கோவுக்கு மஸ்ராவி என்று மூன்று பேர் போக வாய்ப்பு. அந்த நான்கு வாரத்தில் டிசம்பர் 20 வாக்கில் ஆஸ்டன் வில்லாவில் தொடங்கி ஜனவரி 17 வாக்கில் மான்செஸ்டர் சிட்டி வரை ஏறக்குறைய ஆறு லீக் ஆட்டம், நடுவில் எஃப்ஏ கப் மூன்றாம் சுற்று. எம்புவேமோ இல்லையென்றால் ஜிர்க்ஸீ, ஸ்ட்ரைக்கருக்குச் சற்றுப் பின்னால் உள்ள பத்தாம் நம்பர் இடத்துக்கு இறங்குவார், ஷெஷ்கோவுக்குப் பின்னால் ஸ்ட்ரைக்கரே இருக்க மாட்டார். என் கணிப்பில் ஓபிக்கு இந்த சீசனில் உள்ள ஒரே உண்மையான வாசல் அதுதான். அதற்கு முன்னால் பெஞ்சில் பார்த்தால் யாரோ காயம் என்று அர்த்தம்.

---

லோபிளாக்

கணக்கர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் காலண்டர் திறந்தாலும் ஆள் தயாராக இருக்க வேண்டும். அமோரிமின் 3-4-2-1 அமைப்பில் ஒரே ஸ்ட்ரைக்கர், அவருக்குப் பின்னால் இரண்டு பத்தாம் நம்பர். இந்த ஒற்றை ஸ்ட்ரைக்கர் வேலை, இளையோர் ஆட்டத்தில் ஓபி செய்து பெயர் வாங்கிய வேலை அல்ல.

18 வயது ஆட்டங்களில் இரண்டு அணியும் தடுப்பு வரிசையை மேலே ஏற்றி வைத்து ஆடும். பின்னால் 40 கெஜம் காலி. 1.88 மீட்டர் உயரமும் வேகமும் உள்ள பையன் அந்தக் காலி இடத்துக்கு ஓடினால் பிடிக்க ஆளில்லை. கோல்கீப்பரோடு நேருக்கு நேர் நிற்பதற்கு முன்னால் பந்தை இரண்டு முறை தொட நேரம் கிடைக்கும். நம் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கு வருகிற லீக் அணிகளில் பாதி, கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸ் விளிம்பிலேயே ஐந்து பேரை நிறுத்திவிடும். பின்னால் ஓட இடமே இருக்காது. பாக்ஸுக்குள் பந்து வந்தால் ஒரே தொடுகைதான், அதுவும் தோளில் ஒரு சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்) சாய்ந்திருக்கும்போது.

அங்கே என்ன தேவை என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதுகைக் காட்டி பந்தை வாங்குவது. சின்னப் பையன்கள் செய்யும் பொதுவான தவறு, பந்து வந்து சேரும்போது எதிராளிக்கு முழு முதுகையும் நேராகக் காட்டி நிற்பது. நேராக நின்றால் பின்னாலிருந்து ஒரு முழங்கால் இடி போதும், நிலை குலைந்துவிடும். பக்கவாட்டில் நிற்க வேண்டும், கை முன்கூட்டியே எதிராளியின் மார்புப் பக்கம் போயிருக்க வேண்டும், எதிராளிக்குத் தூரமாக இருக்கிற காலில் பந்தை வாங்க வேண்டும். இடி விழுந்த பிறகு கையை நீட்டினால் நடுவர் ஃபவுல் கொடுப்பது ஸ்ட்ரைக்கருக்கு எதிராக. முன்னாலேயே நீட்டியிருந்தால் அது இடம் பிடித்தல், யாரும் விசில் ஊத மாட்டார்கள். வாங்கிய பந்தை இரண்டாவது தொடுகையிலேயே குன்யாவுக்கோ எம்புவேமோவுக்கோ தட்டிவிட வேண்டும். இந்த அமைப்பில் பத்தாம் நம்பர்கள் இருவரும் முன்னோக்கி ஓடிக்கொண்டே பந்தை எதிர்பார்ப்பவர்கள். மூன்றாவது தொடுகை எடுத்தால் அந்த ஓட்டம் செத்துவிடும்.

கிராஸுக்கு, அதாவது ஓரத்திலிருந்து பாக்ஸுக்குள் வரும் பந்துக்கு ஓடுவது. விங் பேக் பந்தை அடிக்கத் தலை குனியும் கணம்தான் ஓட்டத்தின் தொடக்கம். அதற்கு முன் ஓடினால் பந்து பின்னால் விழும், பிறகு ஓடினால் சென்டர் பேக் முந்திவிடுவார். முதலில் ஃபார் போஸ்ட் (தூரத்துக் கோல் கம்பம்) பக்கம் இரண்டு அடி நகர்ந்து எதிராளியின் கண்ணிலிருந்து மறைய வேண்டும், பிறகு அவர் முன்னால் வெட்டி நியர் போஸ்டுக்கு (பக்கத்துக் கம்பம்) பாய வேண்டும். இளையோர் ஆட்டத்தில் அந்த முதல் இரண்டு அடி இல்லாமலேயே உயரத்தால் ஜெயித்துவிடலாம். முதல் அணி சென்டர் பேக்குகள் பெரும்பாலோர் 1.90 சுற்றி இருப்பவர்கள், உயரம் மட்டும் காப்பாற்றாது.

பிரெஸ்ஸிங், அதாவது பந்து வைத்திருக்கும் எதிராளியை நெருக்குவது. ஒற்றை ஸ்ட்ரைக்கர் நேர்க்கோட்டில் ஓடி பந்தைத் துரத்தினால் எதிரணி சென்டர் பேக் பக்கத்து சென்டர் பேக்குக்குத் தட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார். வளைந்து ஓடி அந்தக் குறுக்குப் பாஸை நிழலில் வைத்துக்கொண்டே நெருங்க வேண்டும். ஒருமுறை நேராக ஓடினாலும் பின்னால் இருக்கும் இரண்டு நடுக்கள வீரர்கள் நான்கு பேரைச் சமாளிக்க வேண்டியிருக்கும். யுனைடெட் நடுக்களத்தில் இரண்டே பேர் என்பதால் இந்தத் தவறுக்கு இங்கே விலை அதிகம்.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை: நம் பக்கம் கார்னர் வரும்போது உயரமான ஸ்ட்ரைக்கர் நியர் போஸ்டில் நின்று தலையால் வெளியேற்ற வேண்டும். 80ஆம் நிமிடத்தில் 1-0 முன்னிலையில் மாற்று ஆளாக வருகிறவரின் முதல் வேலை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதை நம்பி ஒப்படைக்க முடியாத பையனை எந்தக் கோச்சும் அந்த நேரத்தில் இறக்க மாட்டார், அவர் எத்தனை கோல் அடித்திருந்தாலும்.

---

மதுரைரெட்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மே 1, மே 8 நடுவில் அந்த ஆட்டம் வந்தது என்பதை நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

ஒரு சந்தேகம். ராஷ்ஃபோர்டும் இப்படித்தானே வந்தார்? லோனே போகாமல், ஒரே வாரத்தில். அப்படிப் பார்த்தால் பக்கத்திலேயே வைத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்?

---

பழையபதிவு

ராஷ்ஃபோர்ட் உதாரணத்தை முழுதாகப் பார்த்தால் அது எவ்வளவு குறுகிய சந்து என்று தெரியும். 2016 பிப்ரவரியில் ரூனிக்கு முழங்கால் காயம். வரிசையில் அடுத்து இருந்த வில் கீன், பிப்ரவரி 22 அன்று ஷ்ரூஸ்பரியில் எஃப்ஏ கப் ஆட்டத்தில் மாற்று ஆளாக வந்து காயத்தோடு வெளியேறினார். மூன்று நாள் கழித்து டென்மார்க்கின் மிட்டுலான் அணியோடு ஆட்டத்துக்கு முன்னால் வார்ம்-அப்பில் மார்சியாலுக்குக் காயம். மூன்று பேர் விழுந்த பிறகுதான் ராஷ்ஃபோர்ட் உள்ளே வந்தார். அன்று இரண்டு கோல், பிப்ரவரி 28 அன்று ஆர்சனலுக்கு எதிராக இரண்டு கோல். சந்து திறந்த அன்றைக்கு அவர் தயாராக இருந்தார் என்பது அவர் பெருமை. ஆனால் மூன்று பேர் இரண்டு வாரத்துக்குள் விழுவதை நம்பி ஒரு பையனின் வருடத்தைத் திட்டமிட முடியாது.

அதே கிளப்பில் மறுபக்கமும் இருக்கிறது. 2009 ஏப்ரல் 5, மக்கேடா, வயது 17, வில்லாவுக்கு எதிராக அறிமுக ஆட்டத்திலேயே 90 நிமிடம் தாண்டிய கடைசி நிமிடங்களில் வெற்றி கோல். அடுத்த வாரம் சண்டர்லாந்தில் இறங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் இன்னொன்று. அதன் பிறகு? 2011 ஜனவரியில் சாம்ப்டோரியா, 2012 ஜனவரியில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், 2013 ஜனவரியில் ஸ்டுட்கார்ட் என்று மூன்று ஜனவரி லோன். மூன்றிலும் ஆட்டம் சரியாக அமையவில்லை. 2013-14இல் பர்மிங்ஹாமில் கோல் அடிக்கத் தொடங்கியபோது யுனைடெட்டில் அவருக்கு இடம் முடிந்துபோயிருந்தது. 2014 மே 6, ஜேம்ஸ் வில்சன், ஹல் அணிக்கு எதிராக அறிமுகத்தில் இரண்டு கோல். பிரைட்டன் லோன், பிறகு டார்பி லோனில் முழங்கால் லிகமெண்ட் காயம், அத்தோடு சரி.

இவர்களுக்கும் வெல்பெக்குக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் உபயோகம். வெல்பெக்கும் 2008 நவம்பரில் ஸ்டோக்குக்கு எதிராக லீக் அறிமுகத்திலேயே கோல் அடித்தவர். 2010 ஜனவரியில் பிரெஸ்டனுக்குப் போன லோன், முழங்கால் காயத்தால் சில வாரத்திலேயே முடிந்தது. அடுத்த சீசன் 2010-11 முழுவதும் சண்டர்லாந்தில், பிரீமியர் லீகிலேயே. அங்கே லீகில் ஆறு கோல்தான். ஆனால் வாரா வாரம் பெரிய சென்டர் பேக்குகளோடு மோதினார், இடது ஓரத்திலும் ஆடக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்ததும் யுனைடெட் தொடக்க அணி. போன சீசனில் 34 வயதில் பிரைட்டனுக்காக லீகில் 10 கோல் அடித்தார். ஆறு கோல் என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் யாரும் அவரைத் திரும்பச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

டாட்டன்ஹாமின் கேன் கதையும் இதே பாடம்தான். லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு லோன். மில்வாலில் நன்றாக அமைந்தது, நார்விச்சில் கால் எலும்பு முறிந்தது, லெஸ்டரில் பெரும்பாலும் பெஞ்ச். 2014-15இல்தான், 21 வயதில், லீகில் 21 கோல். நார்விச், லெஸ்டர் லோன்களை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால்?

---

ஹாஃப்ஸ்பேஸ்

லோன் பற்றி நடைமுறையாகச் சில விஷயம். இங்கே நிறைய பேர் "அனுப்பு, அனுப்பு" என்கிறார்கள், எங்கே, எந்த நிபந்தனையில் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் வயது. ஓபிக்கு 18 ஆவது நவம்பர் 29 அன்று. அதுவரை வெளிநாட்டு கிளப்புக்கு லோன் கிடையாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை நாடு மாற்றுவதை ஃபிஃபா தடுக்கிறது. 16 வயதுக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாறலாம் என்ற விலக்கு, பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்துக்குச் செல்லாது. அதனால் கோடையில் நெதர்லாந்துக்கோ டென்மார்க்குக்கோ ஏன் அனுப்பவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஜனவரியில்தான் அந்த வழி திறக்கும்.

ஒப்பந்தமும் இதோடு சேர்ந்தது. 18க்குக் கீழே அதிகபட்சம் மூன்று வருட ஒப்பந்தம்தான் போடலாம், 18 ஆனதும் ஐந்து வருடம் வரை. பெரிய கிளப்புகள் பொதுவாகப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் லோனுக்கு விடும். இல்லையென்றால் லோனில் பையன் ஜொலித்தால் லாபம் வேறு யாருக்கோ. டிசம்பரில் அப்படி ஒரு செய்தி வந்தால் லோன் கிளம்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து இரண்டு கிளப் விதி. ஒரே சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், ஆனால் அதிகாரப்பூர்வ ஆட்டம் இரண்டு கிளப்புக்கு மட்டுமே ஆடலாம். யுனைடெட் முதல் அணிக்கு இந்த சீசனில் ஒரு நிமிடம் ஆடினாலும் ஒரு கணக்கு முடிந்தது. பிறகு லோனுக்குப் போகும் கிளப் இரண்டாவது. அங்கே சரிப்படவில்லை என்று பாதியில் வேறு இடம் மாற்ற வழியில்லை. ஆகவே ஜனவரியில் தேர்ந்தெடுக்கும் கிளப் ஒரே அடியில் சரியாக அமைய வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? டிவிஷன் பெரியதா என்பதைக் கடைசியில் பாருங்கள். இந்த வரிசையில் கேளுங்கள்: அந்த அணி ஒற்றை ஸ்ட்ரைக்கரா, இரட்டை ஸ்ட்ரைக்கரா? இரட்டை என்றால் ஓபி மாதிரி பையனுக்குப் பந்தைத் தாங்கும் வேலையைப் பக்கத்து ஆள் எடுத்துக்கொள்வார், அவர் கற்க வேண்டியதைக் கற்க மாட்டார். ஒற்றை என்றால் இரண்டாவது ஸ்ட்ரைக்கர் யார், அவர் உடல் நிலை என்ன? ஓரத்திலிருந்து கிராஸ் வருகிற அணியா? மேனேஜரின் நாற்காலி உறுதியா? இந்தக் கடைசிக் கேள்விதான் ஜனவரி லோன்களைக் கொல்வது. ஜனவரியில் ஸ்ட்ரைக்கர் தேடும் அணி பெரும்பாலும் கீழே தவிக்கும் அணி. இரண்டு தோல்வியில் மேனேஜர் மாறுவார், புதியவர் தனக்குத் தெரிந்த 31 வயது ஆளை இறக்குவார், லோன் பையன் பெஞ்சில்.

இதற்குக் காப்பு, லோன் கட்டணத்தை ஆட்ட நேரத்தோடு கட்டுவது. இத்தனை சதவீதம் தொடக்க ஆட்டம் கொடுத்தால் கட்டணம் குறையும், கொடுக்காவிட்டால் கூடும் என்று எழுதுவது வழக்கம். முழு சீசன் லோன் என்றால் ஜனவரியில் திரும்ப அழைக்கும் உரிமை இருக்கும். ஜனவரியில் போகும் லோனுக்கு அந்தக் காப்பு கிடையாது, விண்டோ மூடிவிட்டால் மே வரை அங்கேதான். பிரீமியர் லீகுக்குக் கீழே உள்ள இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் கிளப்புகள் ஒரு ஆட்டத்துக்கு ஐந்து லோன் வீரர்களைத்தான் அணியில் சேர்க்க முடியும். ஏற்கனவே ஐந்து லோன் வைத்திருக்கும் கிளப் என்றால் நம் ஆள் ஆறாவது, சில வாரம் சட்டையே மாட்ட மாட்டார்.

கணக்கர் சொன்ன ஆப்பிரிக்கக் கோப்பைக் காலத்தோடு இதை இணைத்தால் என் விடை இது: ஜனவரி 1 அன்று அனுப்பக் கூடாது. எஃப்ஏ கப் மூன்றாம் சுற்று ஜனவரி 10 வார இறுதியில். அதுவரை வைத்துக்கொண்டு, மூத்தவர்கள் திரும்பி வந்ததும் விண்டோவின் கடைசி இரண்டு வாரத்தில் அனுப்ப வேண்டும். மூன்றாவது டிவிஷனான லீக் ஒன்னில் மொத்தம் 46 ஆட்டம், ஜனவரி முடிவில் 16, 17 ஆட்டமாவது பாக்கி இருக்கும். அதில் பத்து தொடக்கம் கிடைத்தாலே 21 வயது அணியில் மீதி வருடம் ஆடுவதைவிட மேல்.

---

லோபிளாக்

இதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. கடைசி இரண்டு வாரம் வரை காத்திருந்தால் நல்ல இடங்கள் நிரம்பிவிடும். ஸ்ட்ரைக்கர் தேடும் கிளப் ஜனவரி 5க்குள் ஆளை எடுத்துவிடப் பார்க்கும். பேச்சுவார்த்தையை டிசம்பரிலேயே முடித்து, போகும் தேதியை மட்டும் மூன்றாம் சுற்றுக்குப் பிறகு என்று வைத்தால் ஒத்துக்கொள்கிறேன்.

பெஞ்சில் வைத்திருப்பதிலும் ஒரு பொறி உண்டு. முதல் அணியோடு சனிக்கிழமை பயணம், ஒரு நிமிடமும் இறங்கவில்லை, அதே வார இறுதியில் நடந்த 21 வயது அணி ஆட்டமும் போயிற்று. இப்படி நாலு வாரம் போனால் ஒரு முழு ஆட்டம்கூட ஆடாத கால் அது. ஐந்தாவது வாரம் திடீரென்று 70 நிமிடம் ஆடச் சொன்னால் தொடைப் பின்தசைதான் முதலில் போகும். 18 வயதில் அந்தத் தசை ஒருமுறை கிழிந்தால் மறுபடி கிழிவது சுலபம். டிசம்பரில் பெஞ்சில் வைத்தால் அடுத்த இரண்டு நாளுக்குள் ஒரு 60 நிமிட ஆட்டம், 21 வயது அணியிலோ ரசிகர்கள் இல்லாமல் நடத்தும் பயிற்சி ஆட்டத்திலோ, கட்டாயம் கொடுத்தாக வேண்டும்.

---

ஹாஃப்ஸ்பேஸ்

டிசம்பரில் பேசி முடிப்பது சரி, ஏற்கிறேன்.

மதுரைரெட், அதுவரை 21 வயது ஆட்டங்களைப் பார்க்க முடிந்தால் கோலைப் பார்க்காதீர்கள். ஆகஸ்ட் 31 அன்று 17 வயது என்பதால் எஃப்ஏ யூத் கப்பிலும் அவருக்கு இந்த வருடம் தகுதி உண்டு, அங்கே கோல் கொட்டும், அதை வைத்து ஏமாற வேண்டாம். பார்க்க வேண்டியது இது: பந்து அவர் காலுக்கு வரும் முன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார், முதுகில் ஆள் இருக்கும்போது வாங்கிய பத்து பந்தில் எத்தனை நம் சட்டைக்குத் திரும்பிப் போகிறது, 75ஆம் நிமிடத்திலும் வளைந்து ஓடிப் பிரெஸ் செய்கிறாரா, இல்லை நடக்கிறாரா. பத்தில் ஆறு, ஏழு பந்து நம் ஆளிடம் சேர்கிறது என்றால் டிசம்பர் 20க்குப் பிறகு பெஞ்ச் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

---

மதுரைரெட்

செய்கிறேன். அடுத்த 21 வயது அணி ஆட்டத்திலிருந்தே இந்த மூன்றையும் குறித்து வைத்து இதே திரியில் போடுகிறேன். 75ஆம் நிமிட பிரெஸ்ஸிங் கேமராவில் சரியாகத் தெரியாவிட்டால் அந்த ஆட்டத்துக்கு மற்ற இரண்டை மட்டும் எழுதுகிறேன்.